சூடானால் செல்ஃப் எடுக்காத பழைய பென்ஸ் (1996 இ220)

கேள்வி: 6 மே 2024, காலை 9.10

அப்பாவின் கார். 1996 பென்ஸ் இ220, டபிள்யூ124 மாடல், பெட்ரோல். அப்பா போன வருடம் தவறிவிட்டார். பத்து மாதம் வண்டி திருவான்மியூர் வீட்டு போர்ட்டிகோவில் சும்மா நின்றது. இப்போது எடுத்தால் காலையில் நன்றாக ஸ்டார்ட் ஆகிறது. அடையாறு, கிண்டி என்று ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆவதில்லை. சில நாள் சிக்னலிலேயே இன்ஜின் அணைந்துவிடுகிறது. மூன்று நாள் எடுக்காவிட்டால் பேட்டரி காலி. டிராஃபிக்கில் சூட்டு முள் ஏறுகிறது. இடது பின்கதவு சென்ட்ரல் லாக்கில் பூட்டுவதில்லை. ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) போய்விட்டது, 90,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். மாமா பழைய இரும்புக்குப் போடச் சொல்கிறார். யாராவது வழி சொல்லுங்கள்.

பதில்: 6 மே 2024, இரவு 10.40

ஈசியுவுக்குப் பணம் கட்டாதீர்கள். முன்பணமும் வேண்டாம்.

என்னிடமும் இதே வண்டிதான். 2008-ல் இரண்டாம் கையாக வாங்கினேன், இன்றும் ஓடுகிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருடம் மின் பராமரிப்பு வேலை பார்த்தவன். அதனால் எந்த வண்டியைப் பார்த்தாலும் கை முதலில் மீட்டரைத்தான் தேடும்.

ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். ‘ஸ்டார்ட் ஆகவில்லை’ என்றால் என்ன? செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிவிடும் மோட்டார்) எடுக்கவே இல்லையா, அல்லது செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லையா? இரண்டும் வேறு வேறு நோய். இதைக் கேட்காமல் போனட்டைத் திறக்கும் மெக்கானிக்கிடம் வண்டியை விடக் கூடாது.

7 மே 2024, காலை 6.15

இரண்டுமே நடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நிறுத்திவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சிக்னலில் அணைந்தால் மட்டும் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிப்பதில்லை, இருபது நிமிடம் கழித்துப் பிடிக்கிறது. அப்படியென்றால் இரண்டு பழுது ஒன்றாகச் சேர்ந்து உங்களைக் குழப்புகின்றன. தனித்தனியாகப் பார்ப்போம்.

முதலில் ‘டக்’. இந்த வண்டியில் செல்ஃப் சுற்றுவதற்கு ஈசியு தேவையே இல்லை. சாவியிலிருந்து செல்ஃப் மோட்டாரின் சொலினாய்டுக்கு, அதாவது அதன் மின்காந்த ஸ்விட்சுக்கு, மின்சாரம் போகிறது, அது மோட்டாருக்குப் பேட்டரியை இணைக்கிறது. ‘டக்’ சத்தம் வந்தால் சொலினாய்டு வேலை செய்கிறது, மோட்டாருக்குப் போதுமான மின்சாரம் மட்டும் வரவில்லை என்று அர்த்தம். பேட்டரி, இரண்டு தடித்த கேபிள், பாடியையும் இன்ஜினையும் இணைக்கும் எர்த் பட்டை, செல்ஃப் மோட்டார். பார்க்க வேண்டியவை இவை மட்டுமே.

பேட்டரியைப் புதிதாக மாற்றிவிடுங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

7 மே 2024, காலை 11.30

காலையில் அவசரத்தில் எழுதிய கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். அளக்காமல் பேட்டரி மாற்றச் சொன்னது தவறு. ஈசியுவை மாற்றச் சொன்னவர் செய்ததும் அதே காரியம்தான், தொகைதான் வேறு.

ரிச்சி தெருவில் ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்குங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரியை அளந்தால் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை இருந்தால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் நலம். ஆனால் ஓடி நிறுத்திய உடனே அளந்து 12.7 இருக்கிறதே என்று மகிழ வேண்டாம், அது மேலோட்டமான சார்ஜ். செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவு இறங்குகிறது என்பதே பேட்டரியின் உண்மையான பலம். 9.6-க்குக் கீழே போனால் பேட்டரி தளர்ந்துவிட்டது.

9 மே 2024

நீங்கள் அளந்து எழுதியது: நின்ற வண்டியில் 12.5, சார்ஜிங் 14.1, செல்ஃப் அடிக்கும்போது 10.9. பேட்டரி நல்ல பேட்டரி. கையை வைக்காதீர்கள்.

அடுத்ததுதான் முக்கியமான சோதனை. திருவான்மியூர் என்று படித்த நொடியே எனக்கு இதில்தான் சந்தேகம். கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருபது வருடம் நின்ற வண்டி. உப்புக் காற்று வெளிப் பெயின்ட்டைத் தின்பது கண்ணுக்குத் தெரியும். செம்புப் பட்டைக்குள் புகுந்து பின்னல் இழை இழையாகத் தின்பது தெரியாது.

இந்த வண்டியில் பேட்டரியின் நெகட்டிவ் பாடியில் போல்ட் செய்யப்பட்டிருக்கும். இன்ஜினோ ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் போகாது. அதனால் கியர்பாக்ஸ் பக்கம், வண்டிக்கு அடியில், பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே பின்னிய செம்புப் பட்டை ஒன்று இருக்கும். செல்ஃப் இழுக்கும் அத்தனை மின்சாரமும் அந்தப் பட்டை வழியாகத்தான் திரும்ப வேண்டும்.

மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முள்ளை பேட்டரி நெகட்டிவ் முனையிலும், சிவப்பு முள்ளை இன்ஜினில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டிலும் வைத்து, வேறொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2, 0.3-க்கு மேல் காட்டக் கூடாது. வண்டி சூடாக இருக்கும்போது, ‘டக்’ வரும் நேரத்தில் செய்யுங்கள். குளிர்ந்த வண்டியில் அளந்து பயனில்லை.

மீட்டர் இல்லாமலும் பார்க்கலாம். ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை இன்ஜினைத் தூக்கும் இரும்புக் கொக்கியிலும் மாட்டி, செல்ஃப் அடியுங்கள். சுற்றினால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

12 மே 2024, ஞாயிறு

2.1 வோல்ட்! ஜம்பர் மாட்டியதும் ‘சர்ரென்று சுற்றியது’ என்று எழுதியிருக்கிறீர்கள். படித்துவிட்டு வீட்டில் சத்தமாகச் சிரித்தேன், மனைவி எட்டிப் பார்த்தாள்.

கணக்கு இதுதான். செல்ஃப் மோட்டார் சுமார் 200 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். வழியில் ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். சாதாரண டெஸ்ட் பல்பு வைத்துப் பார்த்தால் அந்தப் பட்டை ‘நல்லது’ என்றுதான் காட்டும், ஏனென்றால் பல்பு இழுப்பது அரை ஆம்பியர். அதனால்தான் பார்த்த ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் எல்லாம் அதைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். சூடானால் மட்டும் ஏன்? செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் ஏறும். ஐம்பது டிகிரி ஏறினால் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். தள்ளாடிக்கொண்டிருந்த இணைப்புக்கு அது போதும்.

புதுப் பட்டை போடும்போது பேட்டரி நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். இரண்டு முனைக்கும் அடியில் உள்ள இரும்பை எமரித் தாளால் பளபளவென்று தேய்த்துவிட்டு, போல்ட்டை இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள். பழைய ரேடியோ இன்னும் இருந்தால், பேட்டரியைக் கழற்றும் முன் அதன் ரகசிய எண் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

12 மே 2024, மாலை

நீங்கள் அனுப்பிய பட்டையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெளியே ஒன்றும் தெரியவில்லை. முனைக் கொக்கிக்குள் பட்டை நுழையும் இடத்தில் மட்டும் பச்சைப் பொடி, பழைய வெண்கலச் சொம்பில் பூக்கும் களிம்பு மாதிரி. விரலால் தொட்டதும் பாதி இழை உதிர்ந்தது என்கிறீர்கள். மீதிப் பாதியில்தான் இத்தனை நாள் வண்டி ஓடியிருக்கிறது.

13 மே 2024

சிக்னலில் அணைவது. இது பெட்ரோல் பம்ப் ரிலே, அதாவது பம்புக்கு மின்சாரம் கொடுக்கும் சின்ன ஸ்விட்ச் பெட்டி என்று பந்தயம் கட்டுவேன்.

2013-ல் திண்டிவனம் தாண்டி, பிற்பகல் மூன்று மணி, என் வண்டி இப்படித்தான் நின்றது. குடும்பம் முழுக்க உள்ளே. ரிலேயைக் கழற்றி மூடியைத் திறந்து பார்த்தால் சர்க்யூட் போர்டில் ஒரு பின்னைச் சுற்றி ஈயத்தில் தலைமயிர் அளவு வட்ட விரிசல். சூட்டில் விரிந்தால் தொடர்பு அறும், ஆறினால் சேரும். ஊருக்கு வந்து பற்றவைத்தேன், பத்து வருடமாக அந்த ரிலேதான்.

நின்றதும் சாவியைப் போட்டுவிட்டு ரேடியோ, ஏசி எல்லாவற்றையும் அணைத்துக் காது கொடுங்கள். பின் சக்கரத்துக்கு முன்னால் வண்டியடியிலிருந்து ஓரிரு விநாடி ‘ம்ம்ம்’ என்று பம்ப் முனகும். முனகாவிட்டால் ரிலே.

16 மே 2024

பம்ப் முனகுகிறது என்கிறீர்கள். செல்ஃப் சுற்றும்போது ஆர்பிஎம் முள் அசையவே இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ரிலே இல்லை. என் வண்டிக்கு வந்ததையே உங்கள் வண்டியிலும் தேடினேன், அந்தத் திண்டிவனம் நினைவு வழி மறித்துவிட்டது.

முள் அசையாதது பெரிய துப்பு. இன்ஜின் சுற்றுகிறது என்று ஈசியுவுக்குச் சொல்வது கிராங்க் சென்சார். இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் இருக்கும். உள்ளே ஒரு காந்தமும் செம்புச் சுருளும், அவ்வளவுதான். சுருளுக்குள் எங்கோ கம்பி விட்டிருந்தால் சூட்டில் விலகும், ஆறினால் ஒட்டும். அந்த சிக்னல் வராவிட்டால் ஈசியு பொறியும் கொடுக்காது, பெட்ரோலும் கொடுக்காது. அது பழுதல்ல, அது செய்ய வேண்டியதைத்தான் செய்கிறது. அதைப் போய் 90,000 ரூபாய்க்கு மாற்றச் சொன்னார்கள்.

காலையில் சென்சாரின் கனெக்டரைக் கழற்றி ஓம் அளந்து எழுதி வையுங்கள். ஆயிரம் ஓமுக்கு அக்கம்பக்கம் இருக்கும். அணைந்து நின்ற சமயம் மறுபடி அளங்கள். முடிவிலி காட்டினால் முடிந்தது. நடுரோட்டில் அளக்க முடியாவிட்டால், ஈரத் துணியை சென்சார் மேல் ஐந்து நிமிடம் போட்டுப் பாருங்கள். இருபது நிமிடத்துக்குப் பதில் ஐந்தில் ஸ்டார்ட் ஆனால் அதுவேதான். விசிறி, பெல்ட் பக்கம் துணி போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

18 மே 2024, சனி

காலையில் 860 ஓம். நின்றபோது மீட்டர் ஒன்றும் காட்டவில்லை. சரி, சென்சார்.

புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடைகளில் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். புதுப்பேட்டையை நான் குறைத்துப் பேச மாட்டேன். கண்ணாடி, கதவுக் கைப்பிடி, பம்பர், சீட் ரெயில், முகப்பு விளக்கு எல்லாம் அங்கே வாங்கித்தான் என் வண்டி உருவத்தோடு இருக்கிறது. ஆனால் சென்சார், ரப்பர், ஹோஸ், இவை பழையதாக வாங்கும் பொருளே அல்ல. கழற்றிய வண்டியும் சூட்டில் நின்ற வண்டியாகத்தான் இருக்கும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டு உதிரிபாகக் கடைகளில் வண்டியின் சேசிஸ் நம்பரைச் சொல்லிப் புதியது வரவழையுங்கள்.

எலக்ட்ரானிக் பெட்டிகளில் இன்னும் கவனம் வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும், போன டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும், தண்ணீரில் மூழ்கிய வண்டிகளின் உறுப்புகள் துடைத்து எண்ணெய் தடவப்பட்டு வெளியே வந்திருக்கின்றன. பெட்டி மூடியின் ஓரத்தில் காய்ந்த சேற்றுக் கோடு, பின்களின் அடியில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூப்பு, எது இருந்தாலும் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

19 மே 2024

இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், விட்டுப்போனது. 1990-களின் முற்பாதியில் வந்த பல பென்ஸ் இன்ஜின்களில் வயரிங் உறை வெப்பத்தில் காய்ந்து, அப்பளம் மாதிரி நொறுங்கி உதிரும். இந்த வண்டியை வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வயரும் வயரும் தொட்டுக்கொண்டால் நல்ல ஈசியுவும் போய்விடும். இன்ஜினருகே ஒரு கனெக்டரின் வெளி உறையை மெல்ல விலக்கி, உள் வயரை லேசாக வளைத்துப் பாருங்கள். வெடிப்பு விட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள்.

20 மே 2024

வயர் மிருதுவாக இருக்கிறது. கூடவே நீங்கள் அனுப்பிய படம், அப்பாவின் சர்வீஸ் நோட்டு. நீல மையில், ரூல் போட்ட பக்கத்தில், ‘12.8.2006, இன்ஜின் வயரிங் முழுதும் புதியது, 1,42,310 கி.மீ.’ கீழே ‘ஓட்டிப் பார்த்தேன், திருப்தி’ என்று ஒரு வரி.

தம்பி, அந்த நோட்டைப் பத்திரமாக வையுங்கள். முதல் பக்கத்திலிருந்து படம் எடுத்து அனுப்ப முடியுமானால் அனுப்புங்கள். வண்டியை இவ்வளவு அறிந்து வைத்திருந்த ஒருவர் எங்கே எதைத் தொட்டார் என்று தெரிந்தால் நம் வேலை பாதி குறையும். மாமாவிடம் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

25 மே 2024

சென்சார் மாற்றியதிலிருந்து எங்கும் நிற்கவில்லை. நல்லது. இனி பேட்டரி காலியாவது.

நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணைத்தீர்கள், 0.7 காட்டியது. எல்லாக் கதவும் மூடி, சாவி வெளியே, பத்து நிமிடம் கழித்து 0.05-க்குள் இருக்க வேண்டும். 0.7 என்றால் ஒரு நாளைக்கு 17 ஆம்பியர் மணி. மூன்று நாளில் 50. உங்கள் பேட்டரி 70 ஆம்பியர் மணி. கணக்கு அச்சாகச் சரி. மீட்டர் இப்படி இணைந்திருக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது.

ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எது பிடுங்கினால் குறைகிறது என்று பாருங்கள். இந்த வண்டியில் இருப்பது இரு முனையும் கூரான பழைய ஃப்யூஸ்: வெள்ளை 8 ஆம்பியர், சிவப்பு 16, நீலம் 25. முனையில் சாம்பல் படிந்திருந்தால் உள்ளே கம்பி நன்றாக இருந்தாலும் மின்சாரம் போகாது. விளக்கு மங்குவது, வைப்பர் தயங்குவது, ஹார்ன் ஒரு நாள் அடித்து ஒரு நாள் அடிக்காதது, இதில் பாதி இந்த முனைகள்தான். விரலால் அதன் இடத்திலேயே நான்கு சுற்றுச் சுற்றிவிட்டாலே உயிர் வரும். ஆனாலும் மொத்தமாகச் செம்பு ஃப்யூஸுக்கு மாற்றிவிடுங்கள், ஒரு நேரச் சாப்பாட்டுச் செலவு.

26 மே 2024

எந்த ஃப்யூஸைப் பிடுங்கியும் குறையவில்லையா? அப்படியென்றால் ஃப்யூஸ் பெட்டிக்கு வெளியே நேராகப் பேட்டரியில் யாரோ எதையோ மாட்டியிருக்கிறார்கள். டிக்கியில் ஆம்ப்ளிஃபயர் இருக்கிறதா? தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும்.

27 மே 2024

இருந்தது, வெதுவெதுப்பாகவும் இருந்தது. ரேடியோ அணைந்தால் அதுவும் தூங்க வேண்டும். மாட்டியவர் அதை எழுப்பும் வயரை ரேடியோவிலிருந்து இழுக்கச் சோம்பி, நிரந்தர மின்சாரத்தில் சேர்த்து டேப் சுற்றிவிட்டார். இரவும் பகலும் விழித்திருந்தது. கழற்றியதும் 0.03. பேட்டரி காலியாகும் பிரச்சினை தீர்ந்தது.

2 ஜூன் 2024

சூட்டு முள். முள் 80-க்கும் 120-க்கும் நடுவே, 95 பக்கம் நின்றால் சென்னை டிராஃபிக்கில் பயமில்லை. 110 என்றால் ஏசியை அணைத்து ஓரம் கட்டுங்கள்.

நீங்கள் எழுதியதில் ஒரு விஷயம் என்னை நிறுத்தியது: ‘காலையில் 80 வரவே அரை மணி ஆகிறது, ஈசிஆரில் வேகமாகப் போனால் முள் 60-க்கு இறங்குகிறது, டைடல் பார்க் சிக்னலில் 110.’ வேகத்தில் குளிர், நின்றால் கொதிப்பு. தெர்மோஸ்டாட்டை, அதாவது சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் வால்வை, யாரோ பிடுங்கி எறிந்திருக்கிறார்கள். அப்பாவின் நோட்டில் அப்படி எதுவும் இல்லை, கடைசி இரண்டு வருடத்தில் வேறு யாரோ.

‘நம்ம ஊர் சூட்டுக்கு வால்வு எதுக்கு சார்’ என்ற பேச்சை எத்தனை ஷெட்டில் கேட்டிருக்கிறேன்! இந்த இன்ஜினில் அந்த வால்வுக்கு இரண்டு தட்டு. ஒன்று சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும். அதே அசைவில் மற்றொன்று, ரேடியேட்டரைச் சுற்றாமல் இன்ஜினுக்கே திரும்பும் குறுக்கு வழியை அடைக்கும். வால்வைப் பிடுங்கினால் குறுக்கு வழி நிரந்தரமாகத் திறந்துகிடக்கும். கொதிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாது. சூடு குறைய வேண்டும் என்று செய்ததே சூட்டைக் கூட்டுகிறது. 87 டிகிரி வால்வு, புதியது, கூடவே வாஷரும்.

தண்ணீர் பற்றியும் ஒன்று. திருவான்மியூர் போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றியிருந்தால் தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். உங்கள் குளியலறைக் குழாயில் படியும் வெள்ளை உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்க்குள்ளும் படியும். கூலன்ட் பாதி, டிஸ்டில்ட் வாட்டர் பாதி. கூலன்ட் ஊற்றும் இடத்தின் மூடியில் 140 என்று அச்சிட்டிருக்க வேண்டும், 1.4 பார் அழுத்தம் என்று பொருள். ரப்பர் வளையம் தளர்ந்த மூடி அழுத்தத்தைத் தாங்காது, தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும்.

9 ஜூன் 2024

பிடுங்கித்தான் இருந்ததா. வால்வு போட்ட பிறகும் ஏசி போட்டால் 105 வருகிறது என்றால் முன் விசிறிகளைப் பாருங்கள். ஏசி ஓடி அழுத்தம் ஏறியதும் மெதுவாகச் சுற்ற வேண்டும், கூலன்ட் நூறைத் தாண்டியதும் வேகமாக. மெது வேகம் ஒரு ரெசிஸ்டர் வழியாக வருகிறது. அது எரிந்துபோனால் மெது வேகம் இருக்காது, கடைசி நேரத்தில் மட்டும் ஹெலிகாப்டர் மாதிரி இரையும். ரெசிஸ்டரின் இரு முனையில் ஓம் அளந்தால் தெரிந்துவிடும்.

16 ஜூன் 2024, ஞாயிறு

மாமல்லபுரம் வரை போய் வந்த செய்தி படித்தேன். முட்டுக்காட்டில் இளநீருக்கு நிறுத்தி, அணைத்து, பத்து நிமிடம் கழித்து சாவியைத் திருப்பியதும் முதல் அடியிலேயே பிடித்தது. முள் 90. மாமாவும் கூட வந்தார், திரும்பும்போது அவரே ஓட்டினார். அப்பாவின் நோட்டில் அடுத்த பக்கத்தில் உங்கள் கையெழுத்தில் எர்த் பட்டை, கிராங்க் சென்சார், தெர்மோஸ்டாட், ரெசிஸ்டர், கிலோமீட்டரோடு. மொத்தம் 14,000 ரூபாய்க்குள்.

மீதி இருப்பது இடது பின்கதவு. இந்த வண்டியின் சென்ட்ரல் லாக் மோட்டாரால் அல்ல, காற்றால் இயங்குவது. பின் சீட்டுக்கு அடியில் உள்ள பம்ப் காற்றை உறிஞ்சியும் ஊதியும் கதவுகளைப் பூட்டித் திறக்கிறது. பூட்டியதும் பம்ப் சில விநாடியில் ஓய வேண்டும். அரை நிமிடம் ஓடினால் எங்கோ கசிவு. அந்தக் கதவுக்குப் போகும் மெல்லிய குழாயைப் பிரித்து அடைத்துப் பாருங்கள். பம்ப் உடனே ஓய்ந்தால் கதவுக்குள் இருக்கும் ரப்பர் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது, ஒட்ட முடியாது, முழுதாக மாற்ற வேண்டும். கதவின் உள் தட்டைக் கழற்றும்போது பிளாஸ்டிக் கிளிப்புகள் பாதி உடையும். ஆறு கூடுதலாக வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.